மேற்கோளுக்கு மூலமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் உள்ள ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி (அச்சுக்கு முன் பிழை பார்த்து) வருகிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், நினைவஞ்சலி அட்டை, பொதுக்கூட்டச் சுவரொட்டி என்று நாள்தோறும் என் மேசைக்கு வரும் தாள்களில் பெரும்பாலானவற்றின் தலையிலோ அடியிலோ யாரோ ஒரு பெரியவர் சொன்னதாக ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பற்றியும், அதைச் சரிபார்த்துக்கொள்வதற்காகத் தன்னார்வலர்கள் கூடி இணையத்தில் உருவாக்கி வரும் விக்கிமேற்கோள் என்னும் கட்டற்ற தொகுப்பைப் பற்றியும், அதில் நம் குமரி மாவட்டத்தார் ஏற்றுச் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

என்னை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மார்ச் மாதத்தில், மகளிர் நாள் விழா ஒன்றுக்கு ஆயிரம் அழைப்பிதழ் அடிக்க வேண்டும் என்று கேட்டு ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். அட்டையில் முண்டாசும் மீசையுமாகப் பாரதியாரின் படம். படத்துக்குக் கீழே, ‘மங்கையராய்ப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா’ என்ற வரி. அதன் முடிவில் ஒரு கோடு போட்டு ‘மகாகவி பாரதியார்’. மெய்ப்பைக் கையில் எடுத்தவுடன் எனக்குப் பகீரென்றது. அந்த வரி கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையுடையது. அழைப்பிதழ் அச்சாகும் இடத்துக்கும் கவிமணி பிறந்த தேரூருக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. வந்தவரிடம் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். அவர் தம் கைப்பேசியை எடுத்துத் தேடினார். பாரதியாரின் படத்தோடு அதே வரியைத் தாங்கிய வாழ்த்துப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ‘இத்தனை பேரும் தப்பாகவா போட்டிருப்பார்கள்?’ என்று கேட்டார். அந்த வரி உள்ள கவிமணியின் ‘மலரும் மாலையும்’ நூல் என் வீட்டு அலமாரியில் இருந்தது; மேசையில் இல்லை. மறுநாள் காலையில் அழைப்பிதழ் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பதால் அன்று மாலையே பிளேட் போட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் கேட்டபடியே அச்சாகி, கவிமணியின் வரி அவருடைய சொந்த மாவட்டத்திலேயே இன்னொருவர் பெயரில் ஆயிரம் வீடுகளுக்குப் போயிற்று. அதை வெட்டிக் கட்டுப் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

அன்று எனக்குத் தேவைப்பட்டது பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. அந்த வரி எந்த நூலில் இருக்கிறது, எந்தப் பதிப்பில் எத்தனையாம் பக்கம் என்று அவருடைய கைப்பேசியிலேயே அரை நிமிடத்தில் எடுத்துக் காட்ட ஓர் இடம் இருந்திருந்தால் போதும், அவர் ஏற்றுக்கொண்டிருப்பார். நல்ல மனிதர்தான், தவறான தகவலை அவர் உருவாக்கவில்லை, கிடைத்ததை நம்பினார். விக்கிமேற்கோள் அந்த இடமாக வளரக்கூடியது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விக்கிப்பீடியாவை இன்று அறியாதவர் குறைவு. அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையே 2003ஆம் ஆண்டு முதல் மேற்கோள்களுக்கென்று தனியாக இந்தத் தொகுப்பையும் நடத்தி வருகிறது. ஆங்கிலத்தில் தொடங்கிப் பல மொழிகளுக்குப் பரவிய இதற்குத் தமிழிலும் ஒரு பதிப்பு உண்டு. அதற்கு விக்கிமேற்கோள் என்று பெயர். நம் எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் அதை விக்கிச்சொல்லுகள் என்கிறார்கள். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, எழுதுகிறவர்களுக்கு ஊதியமும் இல்லை. யார் வேண்டுமானாலும் ‘தொகு’ என்ற இடத்தைத் தொட்டு ஒரு வரியைச் சேர்க்கலாம், திருத்தலாம். செய்த திருத்தம் ஒவ்வொன்றும் நாள், நேரத்தோடு அந்தப் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும். அதில் உள்ளதை மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் உரிமம்.

பொன்மொழித் தொகுப்புகள் நமக்குப் புதியவை அல்ல. பேருந்து நிலையக் கடைகளில் அவை எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் பலவற்றுக்கு நானே மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். வரிக்குக் கீழே பெயர் மட்டும் இருக்கும். எந்த நூல், எந்த உரை, எந்த ஆண்டு என்ற குறிப்பே இருக்காது. விக்கிமேற்கோளின் நெறிமுறை இதற்கு நேர்மாறானது. ஒரு வரியைச் சேர்ப்பவர் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். மூலம் கிடைக்காத வரிகளையும், வேறொருவருடையது என்று தெரியவந்த வரிகளையும் சத்தமில்லாமல் நீக்கிவிடுவதோடு அது நிற்பதில்லை. நன்கு வளர்ந்துள்ள ஆங்கிலப் பதிப்பில், பெரியவர்கள் பலருடைய பக்கங்களின் அடியில் ‘ஐயத்துக்குரியவை’, ‘தவறாக இவர் பெயரில் வழங்குபவை’ என்ற பொருளில் தனிப் பகுதிகள் உள்ளன. ஒரு வரி எப்படி இடம் மாறியது, முதலில் யார் சொன்னது, எந்த ஆண்டில் இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். என்னைப் போன்ற மெய்ப்புத் திருத்துநர்களுக்கு அந்தத் தொகுப்பிலேயே மிக மிகப் பயன்படும் பகுதி அதுதான்.

குமரி முனையில் நின்றுகொண்டே இதற்குச் சான்று காட்டலாம். 1948 பிப்ரவரி 12 அன்று காந்தியடிகளின் அஸ்தி இங்கே கடலில் கரைக்கப்பட்டது. அதன் நினைவாக எழுந்த மண்டபத்தைப் பார்க்க ஆண்டு முழுவதும் மக்கள் வருகிறார்கள். ‘உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்பது அவர் பெயரில் வழங்கும் வரிகளில் எல்லாருக்கும் தெரிந்தது. காந்தி ஜயந்தி மலர்களில் அந்த வரி இல்லாத மலரை நான் பார்த்த நினைவில்லை. ஆனால் இந்தச் சொற்களில் அவர் எழுதியதற்கு மூலம் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் அவர் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1913இல், நாம் நம்மை மாற்றிக்கொள்ள முடிந்தால் உலகின் போக்குகளும் மாறும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். கருத்து அருகில் இருக்கிறது. வாசகம் அவருடையது அன்று. ‘முதலில் உன்னைப் புறக்கணிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு சண்டையிடுவார்கள், பிறகு நீ வெல்வாய்’ என்ற வரியும் அவர் பெயரில்தான் சுற்றுகிறது. அதற்கு மிக நெருக்கமான வாசகம், அமெரிக்காவில் ஆடைத் தொழிலாளர் சங்க மாநாடு ஒன்றில் 1918இல் நிக்கோலஸ் கிளைன் என்பவர் ஆற்றிய உரையில் இருக்கிறது.

கரையிலிருந்து பாறையைப் பார்த்தால் சுவாமி விவேகானந்தர் நினைவுக்கு வருவார். 1892 டிசம்பரில் அவர் தவமிருந்த இடம் அது. ‘நூறு இளைஞர்களைத் தாருங்கள், நாட்டையே மாற்றிக் காட்டுகிறேன்’ என்று அவர் கேட்டதாக இளைஞர் நாள் சுவரொட்டிகளில் ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். 1897 பிப்ரவரியில் சென்னையில் ஆற்றிய உரையில் அவர் சொன்னது வேறு விதமானது. வலிமையும் நம்பிக்கையும் முதுகெலும்புவரை நேர்மையும் கொண்ட இளைஞர்கள் வேண்டும், அப்படி நூறு பேர் இருந்தால் உலகமே புரட்சிகரமாக மாறிவிடும் என்பதே அங்கே உள்ள கருத்து. ‘என்னிடம் தாருங்கள், நான் மாற்றுகிறேன்’ என்ற குரல் அதில் இல்லை. மாற்றுகிறவர்கள் அந்த இளைஞர்களே. நாம் சுருக்கிச் சொன்னதில் அவர்களுடைய பங்கு போய்விட்டது. ‘எழுமின், விழிமின்’ என்பதையும் அவர் கடோபநிடதத்திலிருந்தே எடுத்து வழங்கினார். அதை அறிந்தால் அவர் பெருமை குறையாது, அந்த வரியின் வயது நமக்குத் தெரியவரும்.

நம் பழைய இலக்கியங்களின் நிலையும் இதுதான். ‘தமிழன் என்று சொல்லடா, தலை நிமிர்ந்து நில்லடா’ என்ற நாமக்கல் கவிஞரின் வரிக்கும் பாரதியார் படமே போடுகிறார்கள். பெயர் சரியாக இருக்கும் இடத்தில் எழுத்து தவறியிருக்கும். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாடலை ‘யாதும் ஊரே யாவரும் கேளீர்’ என்று நெடில் போட்டு எழுதிய வளைவுகளையும் கல்வெட்டுகளையும் இந்த மாவட்டத்திலேயே எண்ணிச் சொல்ல என்னால் முடியும். ‘கேளிர்’ என்றால் உறவினர். ‘கேளீர்’ என்றால் கேளுங்கள். ஒரு சுழி கூடியவுடன், உலகத்தார் எல்லாரும் எமக்கு உறவினர் என்ற பேருண்மை, எல்லாரும் கேளுங்கள் என்ற கூட்ட அறிவிப்பாகிவிடுகிறது. என் அனுபவத்தில், தட்டச்சு செய்பவர் குறில் போட்டுக் கொடுத்ததை வாடிக்கையாளர் நெடிலாகத் திருத்திக் கொடுத்ததும் உண்டு. ஏனெனில் அவர் பார்த்துப் பழகியது அப்படி. 1894இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய பாடலை எல்லாரும் பார்க்கும் இடத்தில் திருத்தமாக வைக்க வேண்டியது அதனால்தான் அவசியமாகிறது.

மேற்கோளைத் திரட்டுவதும், எடுத்த நூலின் பெயரைக் குறித்து வைப்பதும் ஏதோ இணையம் வந்தபின் தோன்றிய வழக்கம் என்று நினைப்பவர்களுக்குப் புறத்திரட்டை நினைவூட்ட விரும்புகிறேன். சில நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ ஒரு தமிழறிஞர் பழைய நூல்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களைத் தேர்ந்து, திருக்குறளைப் போல அதிகாரங்களாகப் பகுத்துத் தொகுத்தார். தொகுத்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பாடல்கள் எந்தெந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்ற குறிப்பு கிடைத்தது. அதன் பயன் எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள். முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் படித்துச் சுவைக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்கள் புறத்திரட்டில் இருந்தமையால் பிழைத்தவை. குண்டலகேசியிலும் வளையாபதியிலும் எஞ்சிய பாடல்கள் பலவற்றையும் அதுவே காத்துக் கொடுத்தது. வையாபுரிப் பிள்ளை அதைப் பதிப்பித்தபோது இவை உரிய பெயர்களோடு நம் கைக்கு வந்தன. அந்த அறிஞர் பாடல்களை மட்டும் எழுதி நூற்பெயரை விட்டிருந்தால், அவை எல்லாம் ‘யாரோ பாடியது’ என்ற ஒரே குவியலில் கிடந்திருக்கும். தம் பெயரைச் சொல்லாமல் மூலத்தின் பெயரைச் சொன்ன அந்த மனிதரை விக்கிமேற்கோளில் உழைக்கும் தன்னார்வலர்களின் மூதாதையாகவே நான் கருதுகிறேன்.

அழைப்பிதழ் நிகழ்ச்சிக்குப் பிறகு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டிலிருந்த ‘மலரும் மாலையும்’ நூலை விரித்து வைத்துக்கொண்டு, கைப்பேசியிலேயே அந்த அடிகளை விக்கிமேற்கோளில் சேர்க்க முனைந்தேன். என் நாவில் பழகியிருந்தபடி ‘மங்கையராய்ப் பிறப்பதற்கே’ என்று எழுதிவிட்டு, நூலைப் பார்க்காமலே சேமித்தேன். இருபத்திரண்டு ஆண்டு மெய்ப்புப் பார்த்த கை செய்த பிழை அது. பிறகு நூலோடு ஒப்பிட்டபோது ‘மங்கைய ராகப் பிறப்பதற்கே’ என்று அச்சில் இருப்பதைக் கண்டு திருத்தினேன். அடுத்த நாள் பார்க்கையில், முன்பின் அறியாத ஒருவர் என் பதிவின் நிறுத்தற்குறிகளைச் சீர்செய்துவிட்டு, ‘எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று குறிப்பிட முடியுமா?’ என்று கேட்டிருந்தார். என் படியின் முன்னட்டையும் தலைப்புப் பக்கமும் போய் வெகுநாளாயிற்று. மறு வாரம் நூலகத்துக்குச் சென்று முழுமையான படி ஒன்றை எடுத்து, பதிப்பக விவரத்தையும் பக்க எண்ணையும் குறித்து வந்து சேர்த்தேன். இரண்டு அடிகளுக்கு எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் நான் கற்றது என்னவென்றால், ஒரு வரியை மனப்பாடமாக அறிந்திருப்பதும் அதை மேற்கோளாகக் காட்டத் தகுதி பெறுவதும் வேறுவேறு என்பதே.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போது இரண்டு மறுப்புகள் வருகின்றன. ‘நல்ல கருத்தாக இருந்தால் போதாதா, யார் சொன்னால் என்ன? எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே’ என்பது முதலாவது. அந்தக் குறள் அங்கே முடியவில்லை. ‘அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்று முடிகிறது. சொன்னவர் பெரியவர் என்பதற்காக நம்பிவிடாதே, உண்மையைத் தேடிப் பார் என்பதுதான் அதன் பொருள் என்றால், பெரியவர் ஒருவரின் படத்தைப் போட்டு ஒரு வரியை நம்ப வைப்பதை அந்தக் குறளே கண்டிக்கிறது. மேலும், யார் சொன்னால் என்ன என்று கேட்கும் நண்பருக்கு இந்த வரி வள்ளுவருடையது, அறிவுடைமை அதிகாரத்தில் 423ஆம் குறள் என்று தெரிந்திருக்கிறது. குறளுக்கு எண் இருப்பதால் அவரால் அதைத் தேடி எடுக்கவும் என்னால் அடுத்த அடியைக் காட்டவும் முடிந்தது. நம் கவிஞர்கள், சிந்தனையாளர்கள் எல்லாருடைய வரிகளுக்கும் அப்படி ஒரு முகவரி வேண்டும் என்று கேட்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கனமானது. ‘யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் தவறும் யார் வேண்டுமானாலும் எழுதலாமே?’ என்கிறார்கள். உண்மைதான். தவறுகள் நுழைகின்றன, சில காலம் நிற்கவும் செய்கின்றன. 2006இல் பிரெஞ்சு மொழிப் பதிப்புக்குப் பெரிய சோதனையே வந்தது. வணிக நோக்கில் தொகுக்கப்பட்ட மேற்கோள் தரவு ஒன்றிலிருந்து பதிவுகள் படியெடுக்கப்பட்டிருந்தது தெரியவந்ததால், இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. பிறர் தொகுத்ததை அப்படியே அள்ளிப் போடக் கூடாது, மூல நூலுக்கே சென்று எடுக்க வேண்டும் என்ற பாடத்தை எல்லா மொழியினருக்கும் அது விட்டுச் சென்றது. தமிழில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கைப்பேசியில் சுற்றும் தவறான வரி ஒரு மலரில் அச்சாகும். மலரிலிருந்து பொன்மொழிப் புத்தகத்துக்குப் போகும். பிறகு அந்தப் புத்தகத்தையே மூலமாகக் காட்டி ஒருவர் தொகுப்பில் சேர்ப்பார். அச்சில் வந்துவிட்டது என்பதனாலேயே ஒன்று மூலமாகிவிடாது என்பதை, அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற உரிமையோடு அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அச்சிட்ட தவறைத் திரும்ப அழைக்க என்னால் முடியாது. அந்த ஆயிரம் அழைப்பிதழ்கள் போனவை போனவைதான். விக்கிமேற்கோளில் உள்ள தவறை, சரியான நூலை வைத்திருக்கும் எவரும் இன்று இரவே திருத்தலாம். அந்த வேறுபாடு எனக்குப் போதுமானது.

இப்போது நம் மாவட்டத்தின் பங்குக்கு வருகிறேன். ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டால் தமிழ்ப் பதிப்பு மிகச் சிறியது. அதை வளர்க்க வேண்டியவர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று எண்ணி நாம் காத்திருக்கிறோம். 1876இல் தேரூரில் பிறந்து 1954இல் மறைந்த கவிமணியின் எழுத்துகளுக்கு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் அறுபது ஆண்டுக் காலம் 2014ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அவருடைய பாடல்களை எடுத்துக் காட்ட இனி யாருடைய அனுமதியும் தேவையில்லை. பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்) 1963இல் மறைந்தவர். அதே கணக்கில் 2023ஆம் ஆண்டோடு அவருடைய எழுத்துகளும் எல்லாருக்கும் உரியவை ஆகிவிட்டன. ‘காலுக்குச் செருப்புமில்லை, கால் வயிற்றுக் கூழுமில்லை’ என்ற ஜீவாவின் பாடலை வேறு கவிஞர்களுடையது என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’ என்று நம் குழந்தைகள் எல்லாரும் பாடுகிறார்கள். அது கவிமணி எழுதியது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

கவிமணியிடம் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘வெய்யிற் கேற்ற நிழலுண்டு, வீசும் தென்றல் காற்றுண்டு’ என்ற பாடல் பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடலுக்கு ஃபிட்ஸ்ஜெரால்டு செய்த ஆங்கில ஆக்கத்தைத் தழுவிக் கவிமணி தந்தது. கையில் கம்பன் கவி இருக்கிறது என்று அதில் வருகிறதே, அந்தக் கம்பன் பாரசீகத்திலிருந்தும் வரவில்லை, ஆங்கிலத்திலிருந்தும் வரவில்லை. அவன் நாஞ்சில் நாட்டில் வந்து சேர்ந்தவன். இந்த வரியை உமர் கய்யாமின் பக்கத்தில் வைப்பதா, கவிமணியின் பக்கத்தில் வைப்பதா? இரண்டிலும் வைத்து, இது வந்த வழியை ஒரு குறிப்பாக எழுதுவதே முறை என்பது என் கருத்து. இப்படிப்பட்ட குறிப்புகளை எழுத, அந்த நூலோடு வாழ்ந்தவர்கள் வேண்டும். அவர்கள் நம் மாவட்டத்தில்தான் மிகுதியாக இருக்கிறார்கள்.

பழமொழிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ (போகம்) நெல் விளைந்த வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. அந்தக் களங்களில் வழங்கிய சொலவடைகளும், கரமடி வலை இழுக்கும் கடற்கரை ஊர்களில் வழங்கியவையும் முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. நேரில் கேட்டதை மட்டும் வைத்து விக்கிமேற்கோளில் சேர்ப்பது கடினம்; அச்சான மூலம் ஒன்று வேண்டும். பாதிரியார் பெர்சிவல் 1842இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பும், ஜென்சன் 1897இல் வெளியிட்டதும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் அவற்றிலிருந்து தயக்கமின்றி எடுக்கலாம். நம் ஊருக்கே உரியவற்றைக் கல்லூரி மாணவர்கள் கேட்டுப் பதிந்து, சொன்னவரின் ஊரோடு சிறு நூலாக அச்சிட்டால், பிறகு அதுவே மூலமாகும். நாகர்கோவிலில் நூற்றாண்டைக் கடந்து நிற்கும் கல்வி நிலையங்களும் தமிழ்த் துறைகளும் உள்ளன. ஒரு வகுப்பு மாணவர்கள் ஆளுக்கு ஐந்து மேற்கோளை நூலோடு ஒப்பிட்டுச் சேர்ப்பதை ஒரு பருவத்துக்கான பயிற்சியாக வைக்கலாம். பாடநூலுக்குப் புறத்தே ஒரு பதிப்பைக் கையில் எடுத்துத் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கமாவது அவர்களுக்கு வரும்.

பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவர் திருக்குறளும், இன்னொருவர் பொன்மொழியும் வாசிக்கிறார்கள். குறளுக்கு அதிகாரமும் எண்ணும் சொல்லும் மாணவர், பொன்மொழிக்குப் பெயரை மட்டும் சொல்லி இறங்குகிறார். அவருக்குக் கொடுக்கப்படும் தாளில் அவ்வளவுதான் இருக்கிறது. அப்துல் கலாம் பெயரைச் சொல்லி வாசிக்கப்படும் வரிகளில் எத்தனை அவர் எழுதியவை, எத்தனை யாரோ ஒட்டியவை என்று ஆசிரியருக்கும் தெரியாது. அந்தத் தாளை ஆயத்தம் செய்யும் ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. மூலம் தெரிந்த வரியை மட்டும் கொடுங்கள். வாரத்துக்கு ஒன்றே கிடைத்தாலும் அதையே ஐந்து நாளும் வாசிக்கலாம்.

எங்கள் அச்சகத்தில் உரிமையாளரின் இசைவோடு சிறு மாற்றம் ஒன்றைச் செய்திருக்கிறோம். மேற்கோள் உள்ள வேலை எது வந்தாலும், மெய்ப்பின் ஓரத்தில் ‘மூலம்?’ என்று பென்சிலால் எழுதி வாடிக்கையாளரிடம் கொடுக்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சிலர் வரியையே மாற்றிவிடுகிறார்கள். அண்மையில் நினைவஞ்சலி அட்டை ஒன்றுக்காக வந்த ஒரு பெண்மணி, தம் தந்தை அடிக்கடி சொல்லும் பாட்டு என்று நான்கு அடிகளைக் கொடுத்தார். மூலம் கேட்டதும் வீட்டுக்குப் போய், தந்தை கோடிட்டு வைத்திருந்த பழைய திருமந்திரப் புத்தகத்தையே எடுத்து வந்தார். பாடல் எண்ணோடு அச்சிட்டுக் கொடுத்தோம்.

ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பதும் இதுதான். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளியாகும் பொன்மொழியை எங்கள் பகுதிக் கடைகளிலும் பள்ளிகளிலும் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள். நாளிதழில் வந்தது என்றால் அதை யாரும் ஐயப்படுவதில்லை. அந்தப் பொன்மொழிக்குக் கீழே சொன்னவர் பெயரோடு நூற்பெயரையும், உரையானால் இடத்தையும் ஆண்டையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். மூலம் கிடைக்காதபோது அன்றைக்கு ஒரு குறளை வெளியிட்டால் போதும். வாசகர் எவரேனும் தவறு என்று சான்றோடு எழுதினால் அதையும் வெளியிடுங்கள். கூடுதலாக ஒரு வரிதான் ஆகும். எட்டுப் பாயிண்டு எழுத்தில் ஒற்றைப் பத்தி அகலத்துக்குள் அது அடங்கிவிடும் என்பதை அமைத்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அச்சக மெய்ப்புத் திருத்துநர்,
சுசீந்திரம், கன்னியாகுமரி மாவட்டம்.